பழைய மோசின்-நாகன்ட்: கிரீஸ் எடுப்பதிலிருந்து பூட்டி வைப்பது வரை முழு வழிகாட்டி

இது மோசின்-நாகன்ட் 91/30 ரைபிளுக்கான வழிகாட்டி. சோவியத் கிடங்குகளில் கிரீஸ் பூசி அடுக்கி வைத்திருந்து, பிறகு கனடா, அமெரிக்கக் கடைகளுக்கு வந்து சேர்ந்த ரைபிள் அது. நான் ஒன்ராறியோவில் இருப்பதால் இங்கே சொல்லும் சட்டமும் வானிலையும் கனடாவினுடையவை. வேறு நாட்டில் இருப்பவர்கள் அந்த இரண்டையும் தங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் எங்கும் ஒன்றுதான்.

புதிதாக வாங்குகிறவர்கள் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே பிளாஸ்டிக் கட்டையும் (குழலைத் தாங்கித் தோளில் பதியும் உடல்) டெலஸ்கோப் தாங்கியும் ஆர்டர் செய்துவிடுகிறார்கள். அப்புறம் போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பின்னால் மூடும், கையால் இழுக்கும் உருளை) ஒட்டுகிறது, குண்டு எங்கோ போகிறது, குழலில் துரு ஏறுகிறது. வாங்கிப் பூட்டிய பாகங்கள் இவற்றில் எதையும் சரிசெய்யாது. முதலில் சோதனை, பிறகு சுத்தம், பிறகு சுடுதல், அதற்குப் பின்தான் மாற்றம். இந்த வரிசை முக்கியம். மாற்றம் எதுவானாலும் ஒரே மாலையில் கழற்றிப் பழைய நிலைக்குக் கொண்டுவரக் கூடியதாக இருக்க வேண்டும். கடைசியாகச் சொல்லியிருக்கும் சேமிப்புதான் இந்த ரைபிள் இன்னும் எத்தனை காலம் இருக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது.

1. தொடங்குமுன் தேவையானவை

முதலில் உரிமம். கனடாவில் பாதுகாப்பு வகுப்பு முடித்து, பி.ஏ.எல். உரிமம் கையில் இருந்தால்தான் இந்த ரைபிளை வாங்கவும் வைத்திருக்கவும் முடியும். நண்பருடைய ரைபிளை "சுத்தம் செய்து தருகிறேன்" என்று வீட்டுக்குக் கொண்டுபோவதற்கும் இது பொருந்தும்.

பொருட்கள்: மினரல் ஸ்பிரிட்ஸ், பழைய பருத்தித் துணி, நைட்ரைல் கையுறை, ஒரு பிளாஸ்டிக் தொட்டி, இடையில் இணைப்பே இல்லாத ஒற்றைத் துண்டுத் துப்புரவுக் கம்பி, 30 காலிபர் தூரிகை, 20 கேஜ் ஷாட்கன் தூரிகை ஒன்று, மெல்லிய துப்பாக்கி எண்ணெய். ஷாட்கன் தூரிகை எதற்கு என்று நான்காம் பகுதியில் தெரியும்.

ஸ்குரூடிரைவரில் கஞ்சத்தனம் வேண்டாம். சாதாரண ஸ்குரூடிரைவரின் முனை ஆப்பு வடிவில் சரிந்திருக்கும். அழுத்தித் திருகும்போது மேலே ஏறி, ஸ்குரூவின் வெட்டைக் கிழித்துவிடும். துப்பாக்கி வேலைக்கென்று விற்பதில் முனையின் இரு பக்கமும் இணையாக இருக்கும். எழுபது, எண்பது வருடமாக இறுகிக் கிடக்கும் ஸ்குரூவுக்கு அதுதான் சரி.

ரைபிளோடு வந்த சிறிய பழைய கருவி ஒன்று இருந்தால் பத்திரமாக எடுத்து வையுங்கள். ஓரத்தில் வெட்டுகளும் 75, 95 என்ற எண்களும் இருக்கும். பலர் பழைய இரும்பு என்று நினைத்து ஒதுக்கிவிடுகிறார்கள்.

2. பிரிக்கும் முன் சோதனை

போல்ட்டைத் திறந்து, தோட்டா அறையையும் அதன் கீழே தோட்டாக்களை அடுக்கும் மேகசினையும் கண்ணாலும் விரலாலும் பாருங்கள். காலி என்று உறுதியானதும் போல்ட்டை முழுவதும் பின்னால் இழுத்து, ட்ரிகரை அழுத்தியபடி வெளியே எடுங்கள். இனி அது கையில் இருக்கும் வரை ரைபிள் சுடாது.

அடுத்து எண்கள். குழலின் அடிப்பகுதி, போல்ட், மேகசினின் அடித்தகடு, கட்டையின் பின்தகடு ஆகிய நான்கு இடங்களில் வரிசை எண் இருக்கும். பழுதுபார்க்கும் கிடங்குகளில் பாகங்களை மாற்றிப் போட்டு, பழைய எண்ணைக் கோடு போட்டு அடித்துப் புது எண்ணைப் பொறித்திருப்பார்கள். பின்தகட்டில் எண் மாறியிருந்தால் கவலையில்லை. போல்ட் எண் பொருந்தவில்லை என்றால் நிறுத்துங்கள். போல்ட்டின் முகத்துக்கும் தோட்டாவின் விளிம்புக்கும் உள்ள இடைவெளி அளவோடு இருக்க வேண்டும். கூடினால் சுடும்போது தோட்டாவின் உலோகக் கோது கிழிந்து சூடான வாயு முகத்தை நோக்கி வரலாம். துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் அதற்கான அளவுக்கட்டைகள் இருக்கும். சில நிமிட வேலை. எண் பொருந்தினாலும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

பிறகு குழல் வாய். உள்ளே குண்டைச் சுழலவைக்கும் திருகுவரிகள் வாய் வரைக்கும் வராமல், சிறிது ஆழத்துக்கு வழவழப்பாகக் குடைந்திருந்தால் பயப்படாதீர்கள். சிப்பாய்கள் இரும்புக் கம்பியை வாய் வழியாக விட்டுத் துடைத்துத் துடைத்து அந்த இடம் தேய்ந்துபோயிருக்கும். தேய்ந்த பகுதியைக் கிடங்கில் குடைந்து எடுத்து, வரிகள் முடியும் இடத்தைச் சீராக்கியிருக்கிறார்கள். நீங்கள் சுத்தம் செய்யும்போது கம்பியை எப்போதும் போல்ட் பக்கத்திலிருந்து விட வேண்டும் என்பதற்கும் இதுதான் காரணம்.

குழலின் உட்புறத்தை இப்போதே எடை போடாதீர்கள். கிரீஸ் இருக்கும் குழல் கறுப்பாக, குழிவிழுந்தது போலத்தான் தெரியும். அதைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு. உள்ளே நல்ல குழல் இருந்திருக்கும்.

3. பிரிக்கும் வரிசை

ஒவ்வொரு கட்டத்திலும் போனில் ஒரு படம் எடுங்கள். பூட்டும்போது உதவும்.

முதலில் குழலுக்கு அடியில் இருக்கும் துப்புரவுக் கம்பியைத் திருகிக் கழற்றுங்கள். அது உள்ளே இருக்கும்போது குழலைத் தூக்கினால் கட்டையின் முனை விரிசல் விடும். பிறகு இரண்டு வளையங்கள். பக்கத்தில் உள்ள வில்தகட்டை அழுத்திக்கொண்டே முன்னால் நகர்த்த வேண்டும். கிரீஸ் காய்ந்து ஒட்டியிருந்தால் ஹேர் டிரையரால் சூடு காட்டுங்கள், சுத்தியலால் அடிக்காதீர்கள். வளையங்கள் போனதும் குழலின் மேல்மூடி மரம் தானாக வந்துவிடும்.

இனி இரண்டு ஸ்குரூக்கள்: பின்னால் மேலிருந்து இறங்குவது ஒன்று, முன்னால் அடியிலிருந்து ஏறுவது ஒன்று. இரண்டும் வந்ததும் மேகசின் கீழே இறங்கும், குழல் மேலே வரும். அடியிலிருந்து தட்டித் தூக்க வேண்டாம். முன்பக்கத்தை மெதுவாக உயர்த்துங்கள்.

போல்ட்டையும் பிரிக்க வேண்டும். பின்குமிழை இழுத்து இடப்பக்கமாகத் திருப்பி, அந்தக் குமிழை மெதுவாக முன்னே போக விடுங்கள். போல்ட் தலையும் அதோடு சேர்ந்த நீள் தகடும் முன்பக்கமாக நழுவி வரும். அந்த நீள் தகட்டில் இருக்கும் வெட்டுதான் ஃபயரிங் பின்னை (தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கும் ஊசி) திருகிக் கழற்றும் சாவி. சுருள்வில் உள்ளே அழுத்தத்தோடு இருக்கும். விடுபடும்போது குமிழைக் கையில் இறுகப் பிடித்திருங்கள்.

4. கிரீஸ் எடுத்தல்

இந்த இடத்தில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். அரைகுறையாக விட்டால் பின்னால் வரும் தொல்லைகளில் பாதி இங்கிருந்துதான் வரும்.

இரும்புப் பாகங்களை மினரல் ஸ்பிரிட்ஸில் ஊறவைத்து, தூரிகையால் தேய்த்துத் துடையுங்கள். கதவு திறந்த கராஜில், அடுப்பு, ஹீட்டர் எதுவும் பக்கத்தில் இல்லாமல் செய்யுங்கள். பெட்ரோல் வேண்டவே வேண்டாம். அதன் ஆவி தரையோடு பரவி, தொலைவில் இருக்கும் ஒரு பொறியிலும் பற்றிக்கொள்ளும். நனைந்த துணிகளைக் குவித்து வைக்காமல் வெளியே விரித்துக் காயவிடுங்கள்.

போல்ட்டின் உட்குழாயை மறக்காதீர்கள். ஃபயரிங் பின் ஓடுகிற பாதை அது. உள்ளே கெட்டியான கிரீஸ் இருந்தால் அந்தப் பின்னின் வேகம் குறைந்து, தோட்டா வெடிக்காமல் போகும். ஒன்ராறியோ குளிரில் இது இன்னும் மோசமாகும்.

அடுத்து தோட்டா அறை. "நாலைந்து தோட்டா சுட்டதும் போல்ட் ஒட்டிக்கொள்கிறது, மரத்துண்டால் தட்டித்தான் திறக்கிறேன்" என்பது இந்த ரைபிளைப் பற்றி நான் அதிகம் கேட்ட புகார். பெரும்பாலும் தோட்டா அறையின் சுவரில் மெல்லிய படலமாகக் காய்ந்திருக்கும் கிரீஸ்தான் காரணம். குளிர்ந்திருக்கும்போது அது தெரியாது. சூடேறியதும் இளகி, கோதைப் பசை போலப் பிடித்துக்கொள்ளும். 30 காலிபர் தூரிகை குழலுக்குச் சரி, அகலமான தோட்டா அறையின் சுவரை அது தொடாது. அதற்குத்தான் 20 கேஜ் தூரிகை. கம்பியில் மாட்டி, ஸ்பிரிட்ஸில் நனைத்து, மெதுவான வேகத்தில் டிரில்லால் சுற்றுங்கள். துணி வெள்ளையாக வரும் வரை. சாணைத்தாள், தேய்க்கும் பசை எதையும் உள்ளே விடாதீர்கள். கிரீஸ் போக வேண்டும், இரும்பு தேயக் கூடாது.

குழலையும் அதே போலத் துடைத்துவிட்டு, வெளிச்சம் காட்டி முழு நீளமும் பாருங்கள். கட்டியாகக் கிரீஸ் இருக்கும் குழலில் சுட்டால் குழல் வீங்கவோ வெடிக்கவோ கூடும்.

மரக்கட்டைக்கு வேறு வழி. அதன் மேல் பூசியிருப்பது பெரும்பாலும் ஷெல்லாக். ஆல்கஹால் பட்டால் கரைந்து திட்டுத்திட்டாகிவிடும். கட்டையைத் தனியாகக் கறுப்பு பிளாஸ்டிக் பையில் சுற்றி, வெயிலில் நிற்கும் காரின் உள்ளே வையுங்கள். இந்தக் கிரீஸ் சுமார் 50 டிகிரி செல்சியஸில் உருகும். ஜூலை மாதத்துக் கார் அந்தச் சூட்டை எளிதில் தரும். மரத்திலிருந்து வியர்வை போலக் கசியும்போது எடுத்துத் துடைத்து, மறுபடி உள்ளே வையுங்கள். பல சுற்றுகள் ஆகும். காருக்குள் வைப்பது மரம் மட்டும்தான், இரும்புப் பாகங்கள் வீட்டுக்குள் பூட்டில் இருக்கட்டும்.

சமையலறை ஓவனும் பாத்திரம் கழுவும் இயந்திரமும் வேண்டாம். முன்னது மரத்தை வளைக்கும், பின்னது மரத்தின் நரம்பை எழுப்பி விரிசல் தரும். கட்டையைத் தேய்த்து மெருகேற்றும் ஆசையும் வேண்டாம். அதில் இருக்கும் கிடங்கு முத்திரைகள் போனால் போனதுதான்.

5. பூட்டுதலும் ஃபயரிங் பின் அளவும்

போல்ட்டைத் திரும்பப் பூட்டும்போது ஃபயரிங் பின்னின் பின்முனையில் உள்ள வெட்டும் குமிழில் உள்ள கோடும் ஒரே நேரில் வர வேண்டும். பிறகு அந்தப் பழைய கருவியை எடுங்கள். விசை விடுபட்ட நிலையில், போல்ட் முகத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஃபயரிங் பின்னின் முனை மேல் 95 என்ற வெட்டை ஓட்டிப் பாருங்கள், முனை அதைத் தொடக் கூடாது. 75 என்ற வெட்டை ஓட்டினால் தொட வேண்டும். அதாவது முனை சுமார் 1.9 மில்லிமீட்டரிலிருந்து 2.4 மில்லிமீட்டருக்குள் நீட்டியிருக்க வேண்டும்.

அதிகம் நீட்டினால் தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரைக் குத்திக் கிழித்து வாயு பின்னால் வரும். குறைந்தால் வெடிக்காது. கழற்றிப் பூட்டியவர்களில் பலர் இதைப் பார்ப்பதே இல்லை. பார்க்காமல் ஒரு தோட்டாவும் போடாதீர்கள்.

ரைபிளைப் பூட்டும்போது முன் ஸ்குரூவை முதலில் இறுக்குங்கள். உதைப்பைக் கட்டைக்குக் கடத்தும் இடம் அங்கே இருக்கிறது, அது முதலில் சரியாக உட்கார வேண்டும். பின் ஸ்குரூ அடுத்து. கடைசியாகத் தோட்டா இல்லாமல் போல்ட்டை ஓட்டி, ட்ரிகரும் பாதுகாப்பு நிலையும் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். பாதுகாப்பு நிலை என்பது அதே பின்குமிழை இழுத்து இடப்பக்கம் திருப்பி வைப்பது. கடினமாகத்தான் இருக்கும், அது குறையில்லை.

6. முதல் நாள் சுடுதலும் உப்பும்

440 தோட்டாக்கள் கொண்ட தகரப் பெட்டிகளில் வரும் பழைய ராணுவத் தோட்டாக்களின் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருக்கிறது. அது எரிந்ததும் குழலில் பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பு படிகிறது. உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், ஈரம் துருவைக் கொண்டுவரும். கோடையில் ஒரே இரவில் குழல் செம்மஞ்சளாகிவிடும்.

எண்ணெய் இந்த உப்பைக் கரைக்காது. எண்ணெய் போட்டுத் துடைத்துப் பளபளப்பாக இருக்கிறது என்று உள்ளே வைப்பவர்கள் உப்பின் மேல் எண்ணெய் பூசி வைக்கிறார்கள். உப்பைக் கரைப்பது தண்ணீர் ஒன்றுதான். கண்ணாடி துடைக்கும் திரவத்தில் அம்மோனியா இருப்பதால் நல்லது என்று சிலர் சொல்வார்கள். அதிலும் வேலை செய்வது தண்ணீர்தான்.

வீடு வந்த அன்றே செய்யுங்கள். போல்ட்டை எடுத்துவிட்டு, குழாய் பொருத்திய புனலைத் தோட்டா அறையில் வைத்து வெந்நீர் ஊற்றுங்கள். குழல் வாய் கீழே பார்த்திருக்கட்டும், மரத்துக்குள் நீர் இறங்கக் கூடாது. சூடான இரும்பு தானே சீக்கிரம் காயும். போல்ட் முகத்தையும் வெந்நீர்த் துணியால் துடையுங்கள், அதிலும் உப்பு இருக்கும். பிறகு உலர்ந்த துணி, அப்புறம் வழக்கமான கரைப்பான், கடைசியாக மெல்லிய எண்ணெய். மறுநாள் ஒரு வெள்ளைத் துணியை விட்டுப் பாருங்கள். பழுப்பு வந்தால் மறுபடி தண்ணீரிலிருந்து தொடங்குங்கள்.

7. வீட்டில் செய்யக்கூடிய மாற்றங்கள்

ஒரு முறையாவது சுட்ட பிறகே இந்தப் பகுதிக்கு வாருங்கள். எது தேவை என்று அப்போதுதான் தெரியும்.

*தோள் மெத்தை.* பின்தகடு இரும்பு, கட்டையும் பலருக்குக் குட்டை. உறை போல மாட்டும் ரப்பர் மெத்தை இரண்டையும் தீர்க்கும். அறுக்கவோ துளையிடவோ தேவையில்லை. முதலில் இதைச் செய்யுங்கள், ஏனென்றால் தோள் வலிக்கும் என்று உடல் எதிர்பார்த்துத் திமிறும்போது குறி கெடும்.

*முன் சைட்டின் உயரம்.* சோவியத் வழக்கப்படி இந்த ரைபிளுக்குக் குறி சரிசெய்தது துப்பாக்கிச் சனியன் (குழல் முனையில் மாட்டும் பயோனெட்) மாட்டிய நிலையில். அதைக் கழற்றிச் சுடும்போது 100 மீட்டரில் குண்டு பெரும்பாலும் மேலே போகும், சில சமயம் பக்கவாட்டிலும் விலகும். பின் சைட்டை அதற்குக் கீழே இறக்க வழியில்லை. எனவே முன் சைட்டின் ஊசியை உயர்த்த வேண்டும். மின்கம்பியின் மேலுறையில் இறுக்கமான சிறு துண்டை வெட்டி ஊசி மேல் சொருகினால் போதும்.

கணக்கு எளிது. இரண்டு சைட்டுக்கும் இடையில் சுமார் 62 சென்டிமீட்டர் தூரம். எனவே முன் சைட் 1 மில்லிமீட்டர் உயர்ந்தால் 100 மீட்டரில் குண்டு சுமார் 16 சென்டிமீட்டர் கீழே இறங்கும். 24 சென்டிமீட்டர் மேலே போகிறது என்றால் ஊசி ஒன்றரை மில்லிமீட்டர் உயர வேண்டும். உறையைச் சற்று நீளமாக வெட்டிச் சொருகி, சுட்டுப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக நறுக்குங்கள். அளவுக்கு மீறி நறுக்கிவிட்டால் ஒரு துண்டு உறைதான் நஷ்டம்.

*பக்கவாட்டுத் திருத்தம்.* குண்டு எந்தப் பக்கம் விலகுகிறதோ அதே பக்கம் முன் சைட்டைத் தள்ள வேண்டும். எதிர்ப்பக்கம் தள்ளுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. பழைய இடத்தைப் பென்சிலால் குறித்துவிட்டு, பித்தளைக் கம்பி வைத்து லேசாகத் தட்டுங்கள். திருகித் தள்ளும் கருவி கிடைத்தால் இன்னும் நல்லது.

*தோள்வார்.* கட்டையில் இருக்கும் துளைகளில் சிறு தோல்பட்டைகளைக் கோத்து அதில் வாரை மாட்டுவதுதான் மூல அமைப்பு. புதிதாக வளையம் திருகத் தேவையில்லை.

*டெலஸ்கோப்.* பின் சைட்டின் இலையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் துளையில்லாமல் பொருந்தும் தாங்கிகள் இருக்கின்றன. வேண்டுமானால் அது. போல்ட் ஓடும் இரும்பு உடலான ரிசீவரில் துளையிட்டு மேலே வைத்தால் நேராக நிற்கும் போல்ட் கைப்பிடி அதில் இடிக்கும், அப்புறம் கைப்பிடியை வெட்டி வளைக்க வேண்டிவரும். ஒன்றிலிருந்து ஒன்றாக, திரும்ப வர முடியாத வேலைகள்.

செய்யக் கூடாதவை இரண்டு. ட்ரிகரோடு சேர்ந்த பிடியைத் தேய்த்து மென்மையாக்காதீர்கள். விசையைத் தாங்கி நிற்பது அந்தச் சிறு விளிம்புதான், அது தேய்ந்தால் ரைபிள் கீழே இடிபடும்போதே வெடிக்கலாம். குழலையும் அறுக்காதீர்கள். கனடாவில் அறுத்த குழல் 457 மில்லிமீட்டருக்குக் குறைந்தாலோ, மொத்த நீளம் 660 மில்லிமீட்டருக்குக் குறைந்தாலோ அது தடைசெய்யப்பட்ட துப்பாக்கி. அறுப்பது குற்றம், வைத்திருப்பதும் குற்றம்.

8. சேமிப்பு

சட்டத்திலிருந்து தொடங்குவோம். கனடாவில் இந்த வகை ரைபிள் தோட்டா இல்லாமல் இருக்க வேண்டும். அதோடு, பூட்டு மாட்டியிருக்க வேண்டும், அல்லது போல்ட் கழற்றியிருக்க வேண்டும், அல்லது எளிதில் உடைக்க முடியாத பூட்டிய பெட்டியிலோ அறையிலோ இருக்க வேண்டும். தோட்டாக்கள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கக் கூடாது, இருந்தால் அவையும் பூட்டில் இருக்க வேண்டும். சட்டத்துக்கு ஒன்று போதும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் போல்ட்டைக் கழற்றி வேறு பூட்டில் வைத்து, ரைபிளையும் இரும்பு அலமாரியில் பூட்டுங்கள். சாவி எங்கே இருக்கிறது என்பது குழந்தைகளுக்குத் தெரியவே கூடாது.

அடுத்து ஈரம். நம்மில் பலர் பேஸ்மென்டில்தான் வைக்கிறோம். கோடையில் பேஸ்மென்ட் ஈரமாகிவிடும். சிறிய ஈரமானி ஒன்றை அலமாரிக்குள் வையுங்கள். 40 முதல் 50 சதவீதம் நல்லது. அதற்கும் கீழே போனால் குளிர்காலத்தில் மரம் சுருங்கி விரிசல் விடும், மேலே போனால் துரு. சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். ஒரு கட்டத்தில் அது நிறைந்துவிடும், நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்த வேண்டும். வெளிச்சுவரிலிருந்தும் கான்கிரீட் தரையிலிருந்தும் அலமாரியைச் சற்றுத் தள்ளி வையுங்கள்.

குளிர்காலத்தில் பலர் தவறுவது வேறு இடத்தில். வெளியே மைனஸ் 15 டிகிரியில் சுட்டுவிட்டு வந்து, ரைபிளை உடனே பையிலிருந்து எடுத்துப் பூட்டுகிறார்கள். குளிர்ந்த இரும்பின் மேல், உள்ளேயும் வெளியேயும், வீட்டுக் காற்றின் ஈரம் படிந்துவிடும். பையை மூடியபடியே பூட்டிய இடத்தில் வைத்து, அறையின் சூட்டுக்கு வரவிடுங்கள். அதன்பின் திறந்து துடையுங்கள். பழைய தோட்டா சுட்டிருந்தால் வெந்நீர் வேலையும் அதன் பிறகு, ஆனால் அன்றே.

பஞ்சு வைத்த பெட்டியும் தோல் உறையும் எடுத்துப்போக மட்டும். பஞ்சு ஈரத்தைப் பிடித்து வைக்கும், தோலில் இருக்கும் பதனிடும் பொருள் இரும்பை அரிக்கும். மாதக்கணக்கில் நிமிர்த்தி வைப்பதானால் குழல் வாயைக் கீழே பார்த்து, துணி மேல் வையுங்கள். வாய் மேலே இருந்தால் எண்ணெய் மெல்லக் கீழே வடிந்து, கட்டையின் கழுத்துப் பகுதியில் ஊறி மரத்தை இளக்கிவிடும். பழைய ரைபிள்களின் கழுத்து கறுத்து மென்மையாக இருப்பது பெரும்பாலும் இதனால்தான்.

மாதம் ஒரு முறை எடுத்துத் துடைத்து, குழலில் ஒரு துணி விட்டுப் பாருங்கள். விரல்ரேகையில் இருக்கும் உப்பும் துரு தரும், எனவே தொட்ட இடமெல்லாம் எண்ணெய்த் துணியால் ஒரு தடவை.

ஆண்டுக்கணக்கில் தொடாமல் வைப்பதானால் மெல்லிய எண்ணெய் போதாது, குழலுக்குள் துரு தடுக்கும் கிரீஸை மெல்லிய படலமாகப் பூசுங்கள். பூசியதும் "குழலில் கிரீஸ் இருக்கிறது, துடைக்காமல் சுடாதே" என்று தேதியோடு ஒரு அட்டையில் எழுதிப் போல்ட்டில் கட்டிவிடுங்கள். அந்தப் போல்ட்டைக் கையில் எடுக்காமல் யாராலும் இந்த ரைபிளைச் சுட முடியாது.